அப்பா ஓடவில்லை

கர்த்தருக்குள் அன்பான உறவினர்களே, நண்பர்களே! அப்பா எங்களை விட்டுப் போய் ஓராண்டு நிறைகிறது. அழுதுகொண்டே எழுதுவேன் என்றுதான் நினைத்திருந்தேன். ஆனால் மனம் லேசாகி எழுதுகிறேன்.

அப்பா சாந்தன்பாறைப் பக்கத்து எஸ்டேட் தொழிலாளர் லயத்தில் பிறந்தார்கள். எட்டாம் வகுப்போடு ஏலக்காட்டில் இறங்கி, கடைசியில் ஏலக்காயை உலர்த்தித் தரம் பிரிக்கும் ஸ்டோருக்குப் பொறுப்பாளர் ஆனார்கள். எங்கள் மூவரையும் படிக்க வைத்தார்கள். அவர்களுக்குக் கோபமும் வராது, அவசரமும் வராது. பூப்பாறை பஸ் கண்ணெதிரே கிளம்பினாலும் நடந்தேதான் போவார்கள். அம்மா அதற்குத் திட்டாத நாளில்லை.

சென்ற ஆண்டு ஒரு காலையில், பன்றி விரட்டும் துப்பாக்கியோடு ஒருவன் ஸ்டோர் முற்றத்துக்கு வந்தான். அவன் பெயர் இந்த நினைவு மலரில் வேண்டாம். கண்ணில் பட்டவர்களையெல்லாம் சுட்டான். அப்பாவோடு, என்னைத் தூக்கி வளர்த்த பக்கத்து வீட்டுச் சித்தியும், கல்யாணம் நிச்சயமாகியிருந்த அவர்கள் மகனும் இறந்தார்கள்.

உள்ளே காய் பொறுக்கிய பதினொரு பெண்கள் பிழைத்தார்கள். காய் திருட்டுப் போகக் கூடாதென்று அந்த அறைக்குக் கொண்டி வெளியே மட்டும்தான். கொண்டி விழும் சத்தம் கேட்டு, சுட்டவனே தங்களை அடைத்துவிட்டான் என்று அவர்கள் நினைத்தார்கள். அப்பாவுக்குக் குண்டு பாய்ந்தது முதுகில். "ஓடுறப்ப பட்டிருக்கு" என்று ஊர் பேசியது. அன்று முதல் அம்மா ஆலயத்தில் கடைசி பெஞ்சில்தான் உட்கார்ந்தார்கள்.

அன்று கழுத்தில் குண்டுபட்டு மாதக்கணக்கில் பேச முடியாமல் கிடந்த, அப்பாவுக்குத் தங்கை முறையான எஸ்தர் அத்தை, போன மாதம்தான் தேனி ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பினார்கள். முற்றத்துச் சாக்குகளுக்குப் பின்னால் கிடந்து எல்லாவற்றையும் பார்த்தவர்கள் அவர்கள் ஒருவர்தான். நேரே எங்கள் வீட்டுக்கு வந்து அம்மாவின் கையைப் பிடித்தார்கள்.

"மைனி, அண்ணன் கேட்டுக்குப் பக்கத்துலதான் நின்னாரு. ஓடியிருந்தா தப்பிச்சிருப்பாரு. திரும்பி வந்துல்ல கதவைச் சாத்துனாரு! கொண்டிய இழுக்கப்பதான் குண்டு பட்டுச்சு. பட்ட பொறவும் போட்டு முடிச்சிட்டுத்தான் விழுந்தாரு."

அம்மா வெகுநேரம் அழுதார்கள். பிறகு, "பஸ்ஸுக்கே ஓடாத மனுசன், இதுக்கா ஓடப் போறாரு?" என்று சிரித்தார்கள். அப்பா போன பிறகு அன்றுதான் அம்மா சிரித்துப் பார்த்தேன்.

அவன் அந்தக் கொண்டியைத் திறக்குமுன், தோட்டா மாற்றிய இடைவெளியில் பாய்ந்து பிடித்த மருந்தடிக்கும் தொழிலாளர்களுக்கும், காயம்பட்டவர்களை மலையிறக்கிக் கொண்டுபோன ஜீப் ஓட்டுநர்களுக்கும், இரத்தம் கொடுத்தவர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. தேடி வந்து உண்மையைச் சொன்ன எஸ்தர் அத்தைக்கு என்ன நன்றி சொல்வது என்று தெரியவில்லை. பெண்கள் கேட்டுக் கேட்டு, ஸ்டோர் கதவுக்கு இப்போது உள்ளேயும் தாழ்ப்பாள் போட்டிருக்கிறார்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை நாங்கள் ஆலயத்துக்குப் போகும்போது ஆராதனை தொடங்கிவிட்டது. அம்மா அவசரப்படவில்லை. எல்லோரும் பார்க்க நடுவழியே நடந்து போய், முதல் பெஞ்சில் உட்கார்ந்தார்கள்.