என் குரலில் பாடும் பொடியன்

பெரியப்பாவின் மகன் சுதன் அண்ணா, போர் முடிந்து நாங்கள் ஊர் திரும்பிய கதையைக் குறும்படமாக எடுத்தார். அதன் ஹிப்ஹொப் பாடல்கள் இந்தக் கிழமை வெளிவந்தன. மூன்றாவது பாட்டை எழுதிப் பாடியது நான். அப்பா அறிந்தால் படிப்பை நிறுத்திவிடுவார் என்ற பயத்தில், பெயர் போடவேண்டாம் என்று கெஞ்சியதும் நான்தான்.

ஆனால் என் குரலைத் தடிப்பாக்கி ஆண்குரலாக மாற்றச் சொன்னேனா?

இன்று நறுவிலிக்குளம் பஸ்ஸில் அந்தப் பாட்டுப் போனது. பின்னால் ஒருவன், "பெட்டையளுக்கு இப்பிடி வராது மச்சான்" என்றான். பக்கத்தில் அப்பா இருந்ததால் பல்லைக் கடித்துக்கொண்டேன்.

"கிணறு இறைச்சம், எங்கட சைக்கிள் வந்திச்சு" என்ற வரியில் அப்பா நிமிர்ந்தார். இடம்பெயர்ந்த நாளிலிருந்து கிணற்றுக்குள் கிடந்த அந்தச் சைக்கிளைக் கயிறு கட்டி இழுத்தவரே அவர்தான்.

"எங்கட கிணத்துக் கதை இவனுக்கு எப்பிடிப் பிள்ளை தெரியும்?"

"தெரியாதப்பா."

"நல்லாப் பாடுறான். சுதனிட்டச் சொல்லி அவனை வீட்டை கூப்பிடு, தேத்தண்ணி குடுப்பம்."

சுதன் அண்ணாவிடம் என் குரலைத் திருப்பிப் போடச் சொன்னேன். "இதுதான் கெத்து" என்கிறார்.

போர்வைக்குள் இருந்து எழுதுகிறேன். அந்தத் தேத்தண்ணியை ஊற்றப்போவதும் நான், குடிக்கவேண்டியதும் நான். அப்பாவுக்கு என்ன சொல்லட்டும், சொல்லுங்கோ?