சட்டி திரும்பி வந்த சாயங்காலம்

இது நடந்தது. எனக்கே நடந்தது. நம்பாதவர்கள் நம்ப வேண்டாம்.

பத்தொன்பது வருடமாக நர்ஸ் வேலை பார்க்கிறேன். அதில் பதினொரு வருடம் ஐ.சி.யூ.வில். எத்தனையோ பேர் என் கண்ணெதிரே போயிருக்கிறார்கள். ஒருவர்கூடத் திரும்பி வந்து என்னைப் பயமுறுத்தியதில்லை. பேய் என்று யாராவது பேச்செடுத்தால் "போய் வேலையைப் பாரு" என்று விரட்டுகிற ஆள் நான். போன டிசம்பர்வரை அப்படித்தான் இருந்தேன்.

சீனாவில், ஷான்ஷி மலையடிவாரத்தில் ஒரு சிறு நகரம் எங்களுடையது. எங்கள் பிரிவில் ஒன்பதாம் படுக்கையில் தாவ் யோங் என்று ஒரு ஓட்டுச்சூளைத் தொழிலாளி. ரத்தத்தில் கிருமி ஏறி, மூச்சுக்கு வென்டிலேட்டர் வைத்திருந்தோம். காய்ச்சல்கூட இறங்கிவிட்டது. குடல்தான் வேலை செய்யவில்லை. ஒன்பது நாளாக அசைவே இல்லை. வயிறு தட்டினால் மத்தளம் மாதிரி சத்தம் கேட்டது. அது அசையாவிட்டால் ஆள் பிழைக்க மாட்டார்.

பாரம்பரிய மருத்துவப் பிரிவிலிருந்து டாக்டர் கெங் வந்து பார்த்தார். குடலை இளக்கும் ரேவல்சின்னி வேர் போட்ட கஷாயம், மூக்குக் குழாய் வழியாக, தினம் ஒரு வேளை என்று எழுதினார். மருந்தகத்து இயந்திரத்தில் காய்ச்ச வேண்டாம் என்றும் சொன்னார். மற்றச் சரக்குகளெல்லாம் நன்றாகக் கொதித்த பிறகு, இறக்குவதற்கு ஐந்து நிமிடம் முன்னால்தான் ரேவல்சின்னியைப் போட வேண்டுமாம். அதிகம் கொதித்தாலும் ஆறிக் கிடந்தாலும் வீரியம் போய்விடும்.

தாவ் யோங்கின் மனைவி சைஷியா, தானே காய்ச்சுகிறேன் என்றாள். ஆஸ்பத்திரிக்குப் பின்சந்தில் ஓர் அறை வாடகைக்கு எடுத்திருந்தாள். அங்கே எங்கள் வீட்டில் இருப்பதைப் போலவே கரி அடுப்பு இருந்தது. சட்டி இல்லை. என் வீட்டுக் கஷாயச் சட்டியைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். என் மகள் ரூயிக்கு ஆறு வயது. பிறந்ததிலிருந்து மூச்சிளைப்பு. அவளுக்காக வாங்கிய சட்டி. பிடி விரிசல் விட்டிருந்ததால் நானே செம்புக் கம்பி சுற்றியிருந்தேன்.

எங்கள் பக்கத்தில் இதற்கு ஒரு முறை உண்டு. கஷாயச் சட்டியை இரவல் கொடுக்கலாம். வாங்கியவர் அதைத் திருப்பிக் கொண்டுவந்து தரக் கூடாது. தேவைப்பட்டால் கொடுத்தவரே போய் எடுத்துவர வேண்டும். சட்டியைக் கொண்டுவந்து கொடுத்தால், அந்த வீட்டுக் கேடும் கூடவே வாசல் ஏறிவிடுமாம்.

"நீங்களா வந்து கேக்குற வரைக்கும் இது என்கிட்டதான் இருக்கும்க்கா" என்று சிரித்தாள் சைஷியா.

நான்கு நாள் தவறாமல் வந்தாள். மாலை 4:30க்கு ஐ.சி.யூ. வாசலில் மணி அடிப்பாள். பிளாஸ்க்கை நீட்டுவாள். தூங்காமல் முகமெல்லாம் சாம்பல் பூத்திருக்கும். "ஏதாச்சும் சத்தம் கேட்டுச்சாக்கா?" என்பாள். நான் இல்லை என்று தலையாட்டுவேன்.

நான்காம் நாள் இரவு ரூயிக்கு இருமல் ஆரம்பித்தது. சட்டி வேண்டும். பின்சந்துக்கு நடக்க எனக்குச் சோம்பல். என் திமிரும் சேர்ந்துகொண்டது. இந்தக் காலத்தில் என்ன முறை, என்ன கேடு? 9:10க்கு மெசேஜ் போட்டேன்: 'நாளைக்குக் கஷாயத்தோடு சட்டியையும் எடுத்துட்டு வந்துடு. டாக்டர்கிட்ட சொல்லி உனக்கு வேற சட்டி ஏற்பாடு பண்றேன்.'

பதில் வரவில்லை.

மறுநாள் மதியத்திலிருந்து பனி கொட்டியது. 4:30 ஆயிற்று. மணி அடிக்கவில்லை. 4:50... இல்லை. போன் செய்தேன். அணைந்திருந்தது.

5:10க்கு மணி அடித்தது.

கதவைத் திறந்தேன். சைஷியா நின்றிருந்தாள். அன்றைக்கு முகம் தெளிவாக இருந்தது. கன்னம் இரண்டும் நல்ல சிவப்பு. பரவாயில்லையே, தூங்கியிருக்கிறாள் என்று நினைத்தேன். தலையிலும் தோளிலும் பனித்தூள். தாழ்வாரத்தில் ஹீட்டர் ஓடுகிறது. நான் பார்த்துக்கொண்டே இருக்கிறேன்... அந்தப் பனி உருகவில்லை.

"ஏன் இவ்ளோ லேட்டு?"

பிளாஸ்க்கை நீட்டினாள். மறுகையால் ஒரு துணிப்பையையும் நீட்டினாள். கரிவாடை குப்பென்று அடித்தது.

"கேட்டீங்களே" என்றாள். அவ்வளவுதான்.

பையைத் திறந்து பார்த்தேன். என் சட்டிதான். பிடியில் செம்புக் கம்பி. அடியில் இன்னும் சூடு. நிமிர்ந்தேன். தாழ்வாரம் காலி. லிஃப்ட் சத்தம் கேட்கவில்லை. காலடிச் சத்தமும் இல்லை.

எனக்கு உள்ளே ஏதோ சரியில்லை என்று பட்டது. வேலை கிடக்கிறது என்று உதறிவிட்டேன். பையை அலமாரியில் வைத்துப் பூட்டினேன். டாக்டர் கெங் பிளாஸ்க்கைத் திறந்து வழக்கம்போல் முகர்ந்தார்.

"பலே! இறக்கி அரை மணிகூட ஆகல. கெட்டிக்காரிதான்!"

5:25க்குக் குழாயில் ஏற்றிவிட்டு, காலி பிளாஸ்க்கையும் அலமாரியில் வைத்துப் பூட்டினேன்.

6:20. தாவ் யோங்கின் வயிற்றில் ஸ்டெதாஸ்கோப் வைத்தேன். முதலில் ஒன்றுமில்லை. பிறகு... குர்ர்ர். மறுபடியும் குர்ர்ர். என் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. 6:40க்கு மலம் போய் வயிறு இறங்கியது. சைஷியாவுக்குச் சொல்ல வாசலுக்கு ஓடினேன்.

அங்கே இரண்டு போலீஸ்காரர்கள் நின்றிருந்தார்கள்.

"தாவ் யோங்குனு யாராச்சும் இங்க இருக்காங்களா?" என்றார் மூத்தவர்.

"இருக்காரு. அவரோட வீட்டுக்காரி இப்பதான்..."

"அவங்க இறந்துட்டாங்கம்மா. பின்சந்து ரூம்ல. கரி அடுப்புப் புகை. விடிகாலை அஞ்சு மணி இருக்கும். காலைல பத்து மணிக்குத்தான் வீட்டு ஓனர் கதவை உடைச்சாரு. பதினோரு மணிக்கு ரூமைப் பூட்டி சீல் வெச்சுட்டோம். எந்த நோயாளியோட ஆளுன்னு தெரிய இவ்ளோ நேரமாயிடுச்சு."

தாழ்வாரத்தில் அவள் நின்ற இடத்தைத் திரும்பிப் பார்த்தேன்.

"தூங்குற மாதிரியே இருந்தாங்க" என்றார் இளையவர். "கன்னமெல்லாம் நல்லா செவந்து..."

சிவப்பு.

கரி வாயு ரத்தத்தில் ஏறினால் அப்படித்தான் சிவக்கும். எனக்குத் தெரியும். பத்தொன்பது வருட நர்ஸுக்குத் தெரியாதா? 5:10க்கு அந்த முகத்தைப் பார்த்து 'தூங்கியிருக்கிறாள்' என்று நினைத்தேனே...

சட்டைப்பையில் என் போன் அதிர்ந்தது. 7:05. என் கணவர் ஷுன்.

"சாப்பிட்டியா? எனக்கு ஒரே தலைவலி. ரூயி சீக்கிரமே தூங்கிட்டா. இருமல்கூட நின்னுபோச்சு. பாரேன், கன்னம் ரெண்டும் ஆப்பிள் மாதிரி..."

"ஷுன்!"

"ஏண்டி கத்துற?"

"அவளைத் தூக்கு! வெளிய ஓடு!"

"பனி கொட்டுதுடி..."

"தூக்கு! தூக்குடா! கதவைத் திற!"

போன் கீழே விழும் சத்தம். நாற்காலி சாயும் சத்தம். கதவு.

பிறகு... காற்று மட்டும்.

நான் எண்ணினேன். ஒன்று. இரண்டு. மூன்று.

பதினான்கில், ரூயி வாந்தி எடுக்கும் சத்தம் கேட்டது.

அழுதாள்.

நானும் அழுதேன். அவளை எங்கள் ஆஸ்பத்திரிக்கே கொண்டுவந்தார்கள். இரவு முழுக்க ஆக்சிஜன் வைத்தோம். பிழைத்துவிட்டாள். மறுநாள் எங்கள் வீட்டுப் புகைக்குழாயைக் கழற்றிப் பார்த்தார்கள். அடைப்பு இல்லை. ஓட்டை இல்லை. கரி அடுப்பு எட்டு வருடமாக எரிகிற அதே அடுப்பு. ஷுன் அன்றைக்குப் புதிதாக எதுவும் செய்யவில்லை.

ஆஸ்பத்திரிக்குப் போய் என் அலமாரியைத் திறந்தேன். பூட்டு அப்படியே இருந்தது. துணிப்பையும் பிளாஸ்க்கும் இருந்தன. பைக்குள் சட்டி இல்லை.

தாவ் யோங் அன்றிலிருந்து இருபத்தாறாம் நாள் நடந்தே வீட்டுக்குப் போனார். மனைவியின் சாமான்களை வாங்கக் காவல் நிலையத்துக்கு அவரோடு நானும் போயிருந்தேன். அறையைத் திறந்ததும் எடுத்த போட்டோவைக் காட்டினார்கள். காலை 10:15 என்று போட்டிருந்தது. அணைந்த அடுப்பின் மேல் ஒரு சட்டி. பிடியில் செம்புக் கம்பி.

சைஷியாவின் போனையும் கொடுத்தார்கள். அவள் கடைசியாகத் திறந்திருந்தது என் மெசேஜை. கீழே பதில் தட்டியிருந்தாள். அனுப்பவில்லை. தாவ் யோங்குக்குக் கண் சரியாகத் தெரியாததால் நான்தான் வாசித்துக் காட்டினேன்.

'கோவிச்சுக்காதீங்கக்கா. சட்டியை மட்டும் நான் கொண்டுவர மாட்டேன். உங்க வீட்டுல சின்னப் பிள்ளை இருக்கு.'