வசவுக்கு ஏறிய கூடை

துரையின் காப்பித் தோட்டத்தில் எனக்குக் கூடை கொட்டுகிற வேலை. பழம் பறிக்கிற பெண்கள் சாயங்காலம் கூடையோடு வருவார்கள். வாங்கி அளவுப் பெட்டியில் கொட்டுவேன். பக்கத்தில் மேஸ்திரி நிற்பார். காளப்பநாயக்கன்பட்டிக்காரர். கெட்ட மனிதர் என்று சொல்ல மாட்டேன்.

பெட்டி நிறைந்தால் எல்லார் முன்னாலும் மெச்சி வெற்றிலை கொடுப்பார். குறைந்தால் வைவார்.

அந்த வருஷம் எங்களுக்குக் கைப்பிள்ளை. மேல்காடு எங்கள் வீட்டை ஒட்டியது. அங்கே பறித்த என் மனைவி மதியம் ஓடிவந்து பால் கொடுத்துவிட்டுப் போவாள்.

ஒரு நாள் அவளுக்கு ஓடையோரத்து வரிசை விழுந்தது. பழம் ஒரேயடியாகச் சிவந்து கிடந்தது. பெட்டி வழிந்தது, வெற்றிலை கிடைத்தது. மறுநாள் நிழல் வரிசை. பாதிக்குமேல் பச்சைக்காய், அதைப் பறிக்கக் கூடாது. கூடை குறைந்தது.

மெச்சினதால் கெட்டுப்போனாள் என்றார் மேஸ்திரி. யாரை மெச்சினாலும் மறுநாள் இறங்குகிறாள், யாரை வைதாலும் ஏறுகிறாள், தன் கண்ணால் பார்த்தது என்றார். இன்னொரு முறை குறைந்தால் கீழ்ச்சரிவுக்குக் களை வெட்ட அனுப்புவதாகச் சொன்னார். அங்கிருந்து மதியம் வீட்டுக்கு வந்து திரும்ப முடியாது.

அவர் பார்த்தது பொய்யில்லை. நானும் பார்த்தேன். ஆனால் அவர் காய்ச்சலில் கீழே ஊரில் கிடந்தபோதும் கூடைகளைக் கொட்டினவன் நான். அப்போது வசவும் இல்லை, வெற்றிலையும் இல்லை. நிறைந்த கூடை மறுநாள் இறங்கத்தான் செய்தது. இறங்கினது ஏறத்தான் செய்தது.

அதைச் சொன்னேன்.

"நான் இல்லாட்டியும் என் பயம் இருந்துச்சுல்ல" என்றார்.

"வரிசைக்கு வரிசை பழம் வேறீங்க. கொஞ்ச நாளு யாரையும் வையாம, மெச்சாம உட்டுப் பாருங்க."

"உப்பில்லாமத் தின்னு பாக்கச் சொல்றயா?"

கூடையோடு நின்ற ஒருத்தி, "பொஞ்சாதிக்கு வக்கீலு வந்துட்டாருங்க" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். மேஸ்திரியும் சிரித்தார். அதற்கப்புறம் நான் எதைச் சொன்னாலும் அது என் மனைவிக்காகச் சொன்னதுதான். வேறு யாராவது சொல்லியிருக்கலாம். வேறு யாருக்கும் அது தைக்கவில்லை.

மழை விட்டுவிட்டுப் பெய்த வாரத்தில் அவள் கூடை மறுபடி குறைந்தது. எல்லார் கூடையும்தான் குறைந்தது, அவளுடையது கொஞ்சம் அதிகமாக. கீழ்ச்சரிவுக்குப் போனாள். மதியம் பிள்ளை அழுதால் என் அக்கா கேழ்வரகுக் கஞ்சியைத் துணியில் நனைத்து வாயில் வைப்பாள். அது துப்பிவிடும்.

என் மனைவியின் இடத்துக்கு வேறொருத்தி வந்தாள். முதல் நாள் கூடை அரைதான். அவளுக்கு விழுந்த வரிசையில் பழுத்ததை எல்லாம் முன்பே பறித்தாகிவிட்டது. மேஸ்திரி கண்டபடி வைதார். அப்புறம் நல்ல வெயில் அடித்தது, காய் பழுத்தது, பெட்டி நிறைந்தது.

மேஸ்திரி என்னைப் பார்த்தார்.

"பாத்தியா?"

நான் அடுத்த கூடையை வாங்கிக் கொட்டினேன்.

அன்றைக்கும் என் மனைவி மார் கட்டிப்போய், பாலைப் பீய்ச்சிக் கீழ்ச்சரிவுப் பாறையில் விட்டுவிட்டுத்தான் வந்தாள்.