விபூதி என்று துடைத்தது

பிள்ளைப்பாக்கம் நிறுத்தத்தில் கம்பெனி பஸ் நிற்காமல் போனது. ரெஜினா அக்கா ஏறவில்லையே என்றேன். "நேத்து சாயந்தரம் தவறிட்டாங்கபா. நெஞ்சுவலி" என்றார் டிரைவர். துக்கம் அப்புறம்தான் வந்தது. முதலில் வந்தது பயம். இனி அந்த உண்மை தெரிந்தவன் நான் ஒருவன்தான்.

ஒரகடம் தொழிற்சாலையின் இந்த வாட்ஸ்அப் குழுவில் இருக்கும் உங்களுக்கெல்லாம் அவரை 'விபூதி ரெஜினா' என்றால்தான் தெரியும். கம்பெனியின் கம்ப்யூட்டர்களைப் பழுதுபார்த்துப் பராமரித்தவர்.

மூன்று வருடத்துக்கு முன், ஆயுத பூஜைக்கு முதல் நாள். பிரேக் பாகங்களைச் சோதிக்கும் பழைய கம்ப்யூட்டரை, காண்ட்ராக்ட் ஆளான என்னிடம் சுத்தம் செய்யச் சொன்னார்கள். உள்ளே சிப்செட் என்ற சிப்பின் மேல், சூட்டை இழுக்க வைத்திருந்த சின்ன அலுமினியத் தகட்டில் தூசி மண்டியிருந்தது. கழற்றினேன். அடியில் வெள்ளையாக ஏதோ காய்ந்திருந்தது. போன பூஜையின் விபூதி என்று நினைத்து, பளபளவென்று துடைத்து மாட்டிவிட்டேன்.

பூஜை முடிந்து வேலை தொடங்கிய அன்று, மதியத்துக்குள் அது மூன்று முறை அப்படியே நின்றுபோனது. அந்தச் சோதனை வேறு கம்ப்யூட்டரில் ஓடாது. அது போனால் உற்பத்தி லைனே நிற்கும், என் வேலையும் போகும். விருதுநகரில் என் சம்பளத்தை நம்பி நாலு பேர் இருந்தார்கள்.

அக்கா மூடியைத் திறந்து, ஓடவிட்டு, தகட்டைத் தொட்டுப் பார்த்தார். "மேல தகடு ஜில்லுனு கீது. அப்டின்னா அடியில சிப்பு வெந்துக்கினு கீது. நடுவுல சூட்ட கடத்துற வெள்ள பேஸ்ட் இருக்குமே, எங்க முத்து?"

என் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டார். சிப்பின் மேல் அரிசி அளவு பேஸ்ட் வைத்துத் தகட்டை அழுத்தி மாட்டினார். பக்கத்தில் சின்ன விசிறி ஒன்றையும் பொருத்தினார். பத்து நிமிடத்தில் தகடு சுட்டது. "இப்பதான் சூடு வெளிய வருது" என்றார்.

மேனேஜர் வந்து, யார் கழற்றியது என்று கேட்டார். நான் குனிந்து திருகாணிகளைப் பொறுக்கினேன்.

"நான்தான் சார். விபூதின்னு நெனச்சி தொடச்சிட்டேன்" என்றார் அக்கா.

ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவர் அவர். யாரும் அதை யோசிக்கவில்லை. தனக்கு எச்சரிக்கை மெமோதான் வரும், என்னையோ வேலையை விட்டே அனுப்பிவிடுவார்கள் என்று பிறகு என்னிடம் சொன்னார். மெமோ வந்தது. பதவி உயர்வு நின்றது. பட்டப்பெயர் ஒட்டிக்கொண்டது. அந்தப் பெயரைச் சொல்லி நானும் சிரித்திருக்கிறேன். போன வருடம் எனக்கு வேலை நிரந்தரமானது. அப்போதும் வாய் திறக்கவில்லை.

அவர் கொடுத்த பேஸ்ட் டியூப், பாதி தீர்ந்தது, என் மேஜையில் இருக்கிறது. மேனேஜரும் இதைப் படிப்பார். பயமாகத்தான் இருக்கிறது. துடைத்தது நான். இனி 'விபூதி' என்ற அந்தப் பெயரைச் சொல்லி என்னைக் கூப்பிடுங்கள்.