செயற்கைப் புல்லும் குரோஷியக் கிண்ணமும்

1. ஆட்டுக்கு அனுமதி உண்டு

இறுதியாட்டம் தொடங்க இன்னும் நேரமிருந்தது. வெள்ளைச் சட்டைக் கழகத்தின் தலைவர் அன்டே கதவைத் தட்டாமல் என் அறைக்குள் வந்தார். தோளில் ஒரு பெரிய பயணப் பை.

"மைஸ்டர், வாசலிலை எல்லாரையும் சோதிச்சாச்சு. இவ்வளவும் எங்கடை ஆக்களிட்டை இருந்து பிடுங்கினது."

பையைத் திறந்து காட்டினார். உள்ளே விறகுக் கட்டுப்போலப் பெங்காலோக்கள். கையில் பிடித்துக் கொளுத்தினால் சிவப்பு நெருப்பும் புகையும் கக்கும் குழல்களுக்கு ஜேர்மனியில் அப்படித்தான் பெயர். வெற்றி பெற்ற அணியின் ஆட்கள் இதைக் கொளுத்தாவிட்டால், குரோஷியரின் கணக்கில் அந்த ஆட்டம் நடக்கவே இல்லை.

"இது பாதரின்ரை அங்கிக்குள்ளை இருந்தது," என்று அன்டே ஒன்றைத் தனியாக எடுத்துக் காட்டினார்.

"எந்தப் பாதர்?"

"எங்கடை கோயில் பாதர்தான். மெழுகுதிரி எண்டு சொன்னவர்."

அவர் பேசியது ஜேர்மன் மொழி. அதுவும் கூரை வேலைத்தளத்தில் கற்றது. எனக்கு இப்போது அது யாழ்ப்பாணத் தமிழில்தான் ஞாபகம் வருகிறது. இலக்கணப் பிழைகளைத் தமிழில் கொண்டுவர முடியவில்லை.

இளையவர்களுக்காக என் வேலையைச் சொல்லிவிடுகிறேன். நான் கொலோனில் மாநகரசபையின் விளையாட்டு மைதானம் ஒன்றுக்குப் பொறுப்பாளராக இருந்தேன். பதவிக்குப் பெயர் பிளாட்ஸ்வார்ட்; மரியாதைக்கு மைஸ்டர் என்று கூப்பிடுவார்கள். யாழ்ப்பாணத்தில் பௌதிகத்தில் பட்டம் பெற்றேன். அகதியாக வந்து, கோப்பை கழுவி, பிறகு இங்கே செயற்கைப் புல்லுக்குத் தலைவாரிவிடும் வேலைக்கு உயர்ந்தேன். தலைவாரிவிடுவது என்பது பகிடி அல்ல. பிளாஸ்டிக் புல் படுத்துவிடாமல் இருக்க, தூரிகை பூட்டிய இயந்திரத்தை அதன்மேல் ஓட்ட வேண்டும். யார் எப்போது விளையாடலாம், எந்தச் சப்பாத்துடன் உள்ளே வரலாம், எங்கே அடுப்பு மூட்டலாம் என்பதற்கெல்லாம் விதிகள் உண்டு. அவற்றை நான் மனப்பாடம் செய்திருந்தேன். அதனால் எனக்குச் சிநேகிதர் குறைவு.

ஜேர்மனியில் இருக்கும் குரோஷியக் கழகங்கள் தங்களுக்குள் ஒரு கிண்ணத்துக்காக ஆடுகின்றன. அந்த முறை இறுதியாட்டம் எங்கள் மைதானத்தில். ஒரு பக்கம் அன்டேயின் அணி. குரோஷியாவின் கடற்கரைப் பக்கத்து ஆட்கள், வெள்ளைச் சட்டை. மறுபக்கம் ஸ்டுட்கார்ட் பகுதியிலிருந்து பஸ் பிடித்து வந்த அணி. குரோஷியத் தலைநகர்ப் பக்கத்து ஆட்கள், நீலச் சட்டை. கழகங்களின் பெயர்களை எழுதமாட்டேன். வழக்குப் போடுவதில் இரண்டு தரப்புமே பந்தடிப்பதைவிடக் கெட்டிக்காரர்கள். மத்தியஸ்தர் குரோஷியராக இருந்தால் எந்த ஊர்க்காரர் என்று சண்டை வரும் என்பதால், ஒரு துருக்கியரைக் கேட்டு வாங்கியிருந்தார்கள். இரண்டு அணிகளும் ஒருமனதாக எடுத்த ஒரே முடிவு அது.

அன்டேக்கு அன்று கிண்ணத்தைவிடப் பெரிய கவலை ஒன்று இருந்தது. முன்பு ஒரு வெற்றிக் கொண்டாட்டத்தில் அவருடைய ஆட்கள் ஒரு பெங்காலோவைப் புல்லில் போட்டுவிட்டார்கள். சாப்பாட்டுத் தட்டளவில் புல் உருகிப்போயிற்று. எங்கள் பிரிவுத் தலைவி ஃபிராவ் பெக்கர் அன்டேயை நேரில் கூப்பிட்டுச் சொன்னார்: இன்னொரு கருகல் விழுந்தால் கழகத்துக்கும் இந்த மைதானத்துக்கும் இருக்கும் ஒப்பந்தம் முடிந்தது. கொலோனில் மைதானம் கிடைப்பது வீடு கிடைப்பதை விடக் கஷ்டம். பெரியவர்கள் ஆடாவிட்டால் உலகம் அழியாது. ஆனால் அதே கழகத்தில் சிறுவர் சிறுமியர் அணிகள் இருந்தன. பகலெல்லாம் கூரை போட்டுவிட்டு, செவ்வாய் தோறும் அந்தச் சிறுமிகளைப் பழக்குபவர் அன்டேதான்.

ஆகவே அன்று அவர் சுங்க அதிகாரிபோல வாசலில் நின்றார்.

"ஒண்டுக்கும் யோசியாதேங்கோ, மைஸ்டர். ஒரு நெருப்புக்குச்சி கூட உள்ளுக்கு வராது."

"அப்ப ஆடு எதிலை வேகுது?"

வாகனத் தரிப்பிடத்தில் இரண்டு முழு ஆடுகள் கம்பியில் சுழன்றுகொண்டிருந்தன. அன்டே அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

"அது அனுமதி எடுத்த நெருப்பு," என்றார்.

உண்மைதான். அனுமதி கொடுத்தவன் நான். சரளைக்கல் தரை, மணல் வாளி, காற்றின் திசை எல்லாம் பார்த்துத்தான் கொடுத்தேன். ஆட்டின் வாசம் எந்தத் திசைக்குப் போகலாம் என்று விதியில் இல்லை. அதனால் என் உதவியாளர் யோகன் கால்மணிக்கொருமுறை வந்து, "அண்ணை, ஆடு எப்ப இறக்குவினமாம்?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

அன்டே பையை என் மேசையில் வைக்கப் போனார். நான் தடுத்தேன். வெடிபொருள் வகையைச் சேர்ந்த எதையும் மாநகரசபைக் கட்டடத்துக்குள் வைக்கக்கூடாது. விதி அப்படி.

"உங்கடை காருக்குள்ளை வைச்சுப் பூட்டுங்கோ," என்றேன்.

"ஓம், மைஸ்டர்," என்று பையுடன் போனார்.

அவருடைய காரை ஒட்டி ஆடுகளும் அடுப்பும் நின்றன. கார்க் கதவைத் திறக்க இடமில்லை. அதை நான் பிறகுதான் அறிந்தேன்.

2. மரின் கோலை விட்டு வந்த கதை

ஆட்டம் நன்றாக இருந்தது என்று சொல்லமாட்டேன். இறுதியாட்டங்கள் நன்றாக இருப்பதில்லை. தோற்கப் பயந்த இருபத்திரண்டு பேர் பந்தை அடுத்தவரிடம் தள்ளிவிட்டுக்கொண்டிருந்தார்கள். அதிலே பாதிப்பேருக்கு வயிறு இருந்தது. நீலச் சட்டை முன்வரிசை வீரர் ஒருவர் மட்டும் சுறுசுறுப்பானவர். ஓடுவதற்கு அல்ல, கையைத் தூக்கி மத்தியஸ்தரைக் கூப்பிடுவதற்கு.

வெள்ளை அணியின் பந்துக்காப்பாளர் மரின். குளியலறைகளுக்குத் தரை ஓடு பதிக்கும் தொழில். நாள் முழுக்க முழங்காலில் நிற்பதால், ஞாயிற்றுக்கிழமையாவது நிமிர்ந்து நிற்கலாமே என்றுதான் கோலுக்குப் போனாராம். பந்து தன்னிடம் வந்தால் பிடிப்பார். தேடிப் போகமாட்டார்.

ஆட்டம் முடிய இன்னும் சில நிமிடங்கள் இருந்தன. தூரத்துக் கோலில் வெள்ளை அணி ஆட்டத்தின் முதல் கோலைப் போட்டது. யாருடைய தலையில் பட்டுப் போனது என்று இன்றும் மூன்று பேர் உரிமை கோருகிறார்கள். மைதானம் அதிர்ந்தது. வீரர்கள் ஒருவர் மேல் ஒருவர் விழுந்தார்கள். பாதர் மேளத்தை அடித்தார்.

நான் கொண்டாட்டத்தைப் பார்க்கவில்லை. பழக்கதோஷத்தில் பார்வையாளர்களின் கைகளைப் பார்த்தேன். எல்லாக் கைகளும் வெறுமையாக இருந்தன. சோதனை சரியாகத்தான் நடந்திருந்தது. சோதிக்கப்படாதவர் ஒருவர்தான்.

மரினின் கோலுக்குப் பின்னால், தடுப்புக் கம்பியில் சாய்ந்து நின்ற அன்டே, தோளில் கிடந்த பைக்குள் கையை விட்டார். அவர் முகத்தில் யோசனை என்று எதுவும் இல்லை. கண்ணில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு குழலை எடுத்தார், மூடியைக் கழற்றினார், உரசினார். சிவப்பு நெருப்பு எழுந்தது. இரண்டு தடவை தலைக்குமேல் சுழற்றினார். பிறகுதான் தன் கையில் இருப்பது என்ன என்று பார்த்தார்.

"ஐயோ, கடவுளே! அண்ணை, உங்கடை போலீஸ்காரன் கொளுத்திப்போட்டார்!" என்று யோகன் கத்தினார்.

அன்டே அதை எங்கே போடுவது என்று தெரியாமல் அங்குமிங்கும் திரும்பினார். உருகிய பொறியொன்று அவர் கையில் விழுந்தது. அவர் கையை உதற, குழல் கம்பியைத் தாண்டிப் போய், கோலுக்குச் சற்றுப் பின்னால் செயற்கைப் புல்லில் விழுந்தது.

இந்த நெருப்பு தண்ணீரில் அணையாது. தனக்கு வேண்டிய ஒட்சிசனைத் தானே வைத்திருக்கிறது. மணலில் புதைத்தால் அங்கேயே எரிந்து முடியும். பிளாஸ்டிக் புல் அதுவரை காத்திருக்காது. நான் மணல் வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். என் வயதுக்கு அதை ஓட்டம் என்று சொல்வது பெருந்தன்மை.

இதற்குள் நடுவட்டத்தில் நீல அணி ஆட்டத்தை மறுபடி தொடங்கிவிட்டது. மரின் முன்னால் பந்தைப் பார்த்தார். பின்னால் நெருப்பைப் பார்த்தார். கோலை விட்டுவிட்டு நெருப்பை நோக்கி ஓடினார்.

கையுறை போட்ட கையால் எரியாத பக்கத்தைப் பிடித்துத் தூக்கினார். நீளம் பாய்தலுக்கான மணல் குழி பக்கத்தில்தான் இருந்தது. அதற்குள் குழலைக் குத்தி, காலால் மணலைத் தள்ளி மூடினார். அவர் நிமிர்ந்தபோது, நீலச் சட்டைச் சுறுசுறுப்பாளர் நடுக்கோட்டிலிருந்து உயர்த்தி அடித்த பந்து, யாருமில்லாத கோலுக்குள் துள்ளித் துள்ளிப் போய்க்கொண்டிருந்தது.

மத்தியஸ்தர் ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். நெருப்பை அவர் காணவில்லை. கோல் என்று கை காட்டினார். வெள்ளைச் சட்டைகள் எல்லாம் அவரைச் சூழ்ந்தன. அவருடைய தாய், தந்தை, பாட்டனார் எல்லோரும் விசாரிக்கப்பட்டார்கள். மணலில் நின்ற மரின்தான் வந்து தன் ஆட்களை இழுத்தார்.

"விடுங்கோடா. அந்த மனுசன் என்ன செய்யிறது? நான்தானே போனனான்."

மீதி நிமிடங்களில் வேறு கோல் விழவில்லை; நேரே பெனால்டிக்குப் போனார்கள். மரினின் வலக் கையுறை உருகி ஒட்டிப்போயிருந்தது. அவருடைய கைக்கு வேறு கையுறை எதுவும் அளவாக இல்லை. வெறுங்கையுடன் நின்றார், ஒன்றைப் பிடித்தார். அது போதவில்லை. கிண்ணம் நீலத்துக்குப் போயிற்று.

நீல அணியின் தலைவர் ஸ்டியேபான், கிண்ணத்தை இடுப்பில் குழந்தைபோல ஏந்திக்கொண்டு நேராக அன்டேயிடம் வந்தார்.

"நன்றி அன்டே. எங்கடை பக்கத்திலை இண்டைக்கு நீதான் நல்லா விளையாடினது. அடுத்த வருசம் உனக்கும் ஒரு நீலச் சட்டை தைப்பிக்கிறன்."

அன்டே குனிந்து தன் சுட்ட கையைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவரை அப்படி நான் கண்டதே இல்லை.

உடை மாற்றும் அறையில் மரினின் விரல்களுக்கு யோகன் மருந்து பூசினார்.

"உமக்கென்ன விசரே? கிண்ணத்தை விட்டிட்டு ஓடினீரே?"

"செவ்வாய்க்கிழமை என்ரை மகளுக்குப் பயிற்சி," என்றார் மரின். "இந்த இடம் போனா அவளை எங்கை கொண்டுபோய் விடுறது? பிறகு ஒவ்வொரு செவ்வாயும் நானும் அவளும் வீட்டிலை. அவள் கூடத்துக்குள்ளை பந்தடிப்பாள். கண்ணாடி அலுமாரி மாமி தந்தது. மனுசிக்கு நீரோ பதில் சொல்லுவீர்?"

3. ஃபிராவ் பெக்கரின் உள்ளங்கை

ஃபிராவ் பெக்கர் அன்று விருந்தினர் வரிசையில் இருந்தார். நெருப்பையும் மரின் ஓடியதையும் பார்த்தார். ஆட்டம் முடிந்ததும் கோலுக்குப் பின்னால் வந்து, நல்ல காற்சட்டையுடன் புல்லில் முழங்காலிட்டார். உள்ளங்கையால் தடவினார். விரல்களால் புல்லைப் பிரித்து அடியைப் பார்த்தார். குனிந்து மணந்தும் பார்த்தார். சுற்றிலும் இரண்டு அணிகளும், பாதரும், ஆட்டை இறக்கிக்கொண்டிருந்த ஆளும் மூச்சுவிடாமல் நின்றார்கள். ஸ்டியேபான்கூடக் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டார்.

நானும் குனிந்து பார்த்தேன். சில நுனிகள் சுருண்டிருந்தன. எங்கள் விதியில் கருகல் என்றால் அடித்துணி தெரிய வேண்டும். இங்கே தெரியவில்லை. கேட்டால் சொல்லலாம் என்று நின்றேன். அவர் கேட்கவில்லை. அந்த விதியை எழுதியதே அவர்தான்.

"புல்லுக்கு ஒன்றுமில்லை. ஒப்பந்தம் இருக்கட்டும்," என்றார். "கொளுத்தியது யார்?"

அன்டே பொறி சுட்டுக் கட்டுப்போட்ட கையையே உயர்த்தினார். "நான்தான்."

"உங்களுக்கு ஒரு வருடம் இந்த மைதானத்துக்குள் வரத் தடை."

கழகம் தப்பியது. அன்டே அழுதார், இந்தத் தடவை வேறு மாதிரி. பிறகு எல்லோரும் ஆடு சாப்பிட்டார்கள். அன்டேயின் பங்கை யோகன் வேலிக்கு வெளியே கொண்டுபோய்க் கொடுத்தார். தடை உடனடியாக அமுலுக்கு வந்திருந்தது.

செவ்வாய்க்கிழமை சிறுமிகள் வந்தார்கள். பழக்க மரின் வந்தார், இரண்டு விரல் கட்டுடன். சற்று நேரத்தில் வேலிக்கு அப்பால், வீதியோரம், கூரை வேலைக்கான தூக்கிக் கூடை பூட்டிய லொறியொன்று வந்து ஒழுங்காக நின்றது. கூடை மெதுவாக மேலே எழுந்தது. அதற்குள் அன்டே. வேலியையும் மரங்களையும் தாண்டி அவருடைய குரல் வந்தது.

"மரின்! அவளை இடப்பக்கம் விடு! இடப்பக்கம்! உன்ரை இடப்பக்கம் இல்லை, அவளின்ரை!"

அயலவர் யாரோ அறிவித்திருக்க வேண்டும். ஃபிராவ் பெக்கர் தொலைபேசியில் வந்தார்.

"அவர் உள்ளே இருக்கிறாரா?"

"இல்லை. வெளியே. கொஞ்சம் மேலே."

"அதைத் தடுக்க நம்மிடம் ஏதாவது விதி உண்டா?"

"வேலியோடு எங்கள் அதிகாரம் முடிகிறது. வீதி வேறு திணைக்களம். லொறி சரியான இடத்தில்தான் நிற்கிறது. அந்த உயரத்துக்கு யார் பொறுப்பு என்று எழுத்தில் கேட்டுப் பார்க்கலாம்."



"கேளுங்கள்," என்றார். "சாதாரணத் தபாலில் போதும். தடை முடிவதற்குள் பதில் வந்துவிடாதபடி பார்த்துக்கொள்ளுங்கள்."

நான் ஓய்வு பெற்றுவிட்டேன்; என் அறையில் இப்போது யோகன் இருக்கிறார். பொறுப்பைக் கொடுத்தபோது அவருக்குச் சொன்னதையே இந்த வேலைக்கு வரும் மற்றவர்களுக்கும் சொல்கிறேன். விதிகளை முழுவதும் படியுங்கள், எழுதியவரையும் கொஞ்சம் அறிந்துவைத்திருங்கள். பறிமுதல் செய்த எதையும் சொந்த அணி ஆடும்போது ஒரு கழகத் தலைவரின் தோளில் விடாதீர்கள். அவர் எவ்வளவு நல்லவர் என்பது அங்கே ஒரு பொருட்டே அல்ல.