செல்லத்தாய் டீச்சர் விட்டுப்போன விரிசல்

பீர்மேட்டுக்கு ஏறிக்கொண்டிருந்த பேருந்தில் இருந்தபோது எங்கள் கல்லூரி மாணவி ரம்யா போனில் அழைத்தாள். "சார், நம்ம டீச்சர் போயிட்டாங்க. காலையில நெஞ்சு வலின்னு உக்காந்தாங்களாம், எந்திரிக்கவே இல்ல." ஜன்னலில் மழை அடிக்கத் தொடங்கியிருந்தது. துக்கம் பிறகுதான் வந்தது. முதலில் வந்தது பயம். இனி விரிசல் விட்ட அந்த மலைச்சரிவை யார் பார்ப்பார்கள்?

செல்லத்தாய் டீச்சர் எங்கள் பொறியியல் கல்லூரியில் சிவில் துறைத் தலைவர். தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்தவர். நானும் அப்படியே. அந்த வரிசை வீடுகளிலிருந்து படித்து மேலே வந்த எங்கள் இருவரில் தலைவர் பதவி அவருக்குப் போயிற்று. வயதிலும் பணியிலும் மூத்தவன் நான். இறந்தவர்மேல் மனக்குறை வைக்கக் கூடாது என்பார்கள். எனக்கு அது கைவரவில்லை.

பதவிக்கு வந்ததும் அவர் செய்த முதல் வேலை, மண் பொறியியல் பாடத்தில் விரிவுரையை நிறுத்தியது. மாணவர்களைச் சிறு குழுக்களாகப் பிரித்தார். ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு பிரச்சினை கொடுப்பார். தெரிந்தது, தெரியாதது, தேட வேண்டியது என்று குழு கூடிப் பேசிக் கரும்பலகையில் மூன்று பத்தியாக எழுத வேண்டும். பிறகு தேடிப் படித்துவிட்டு மீண்டும் கூட வேண்டும். ஆசிரியர் கூடவே உட்கார்ந்திருப்பார், விடை சொல்ல மாட்டார். ஆண்டுக்கணக்கில் நான் திருத்தித் திருத்தி எழுத வைத்த குறிப்புகளுக்கு வேலை இல்லாமல் போயிற்று.

ஒரு மாணவனின் தந்தை துறைக்கே வந்து சத்தம் போட்டார். "பீசையும் வாங்கிட்டு, பிள்ளைகளையே பாடம் எடுக்கச் சொன்னா நீங்க எதுக்கு டீச்சர்?"

டீச்சர் நாற்காலியை இழுத்துப் போட்டார். "உக்காருங்கண்ணாச்சி. இன்னைக்கு உங்க பையன் பேசுவான். வீட்டுல அவன் பேசிக் கேட்டிருக்கீங்களா?"

வந்தவர் வகுப்பு முடியும்வரை உட்கார்ந்து கேட்டுவிட்டுப் போனார். எனக்கு அதுவும் எரிச்சலாக இருந்தது.

சென்ற ஆண்டு மழைக்கு முன் என்னையும் ரம்யாவின் குழுவில் உட்கார வைத்தார். அவர்களுக்குத் தந்த பிரச்சினை இது: ஒரு லயத்துக்கு மேலே, சரிவில், தரை பிளந்திருக்கிறது. மழைக்குத் தாங்குமா? ஆட்களை எப்போது வெளியேற்ற வேண்டும்? கற்பனை என்றே நினைத்தேன். "எந்த எடம் டீச்சர்?" என்றாள் ரம்யா. "தேட வேண்டியதுல எழுதும்மா" என்றார்.

மாணவர்கள் தோட்டம் தோட்டமாக விசாரித்து, அடுத்த வகுப்புக்குப் படங்களோடு வந்தார்கள். ஒரு படத்தில், விரிசலுக்குக் கீழே, ஒரு வாசலில் நீல நிறத் தண்ணீர் டிரம் இருந்தது. நான் வாங்கிக் கொடுத்த டிரம். என் அக்கா வீடு.

பதறி எழுந்தேன். டீச்சர் உதட்டில் விரல் வைத்தார். மாணவர்கள் கலைந்ததும் கத்திவிட்டேன்.

"தெரிஞ்சுதானே குடுத்தீங்க? விழுமா விழாதா, சொல்லுங்க!"

"தெரியாது சார்."

"வெளையாடாதீங்க. விடை இல்லாம யாராவது கேள்வி குடுப்பாங்களா?"

"தெரிஞ்சிருந்தா பிள்ளைகளுக்கு ஏன் குடுக்கேன்? பஞ்சாயத்துல போய் நின்னு சொல்லியிருப்பேன்ல. இத்தன நாள் தனியா பயந்துக்கிட்டு கெடந்தேன். இப்பச் சேர்ந்து பயப்படுதோம். உங்களுக்கும் பங்கு உண்டுன்னுதான் இந்தக் குழுவுல போட்டேன்."

அன்றிலிருந்து மழைச் சத்தம் கேட்டால் எனக்குத் தூக்கம் இல்லை. அந்தப் பங்கை ஏன் என் தலையில் வைத்தார் என்ற கோபமும் ஆறவில்லை.

விரிசலின் இரு பக்கமும் முளை அடித்து, இடைவெளியை நாள்தோறும் அளந்தது குழு. ஒரு விரற்கடை கூடினால் ஆட்களை இறக்கிவிடுவது என்று முடிவெடுத்தவர்களும் மாணவர்களே. மழை வலுத்த ஒரு நாள் அது கூடியது. டீச்சர் லயத்தில் ஒவ்வொரு கதவாகத் தட்டினார். மழை தணியும்வரை எல்லோரும் பள்ளிக்கூடத்தில் முடங்கிக் கிடந்தார்கள். சரிவு அசையவில்லை.

நிலச்சரிவை இங்கே உருள் என்போம். அக்கா டீச்சரைச் சும்மா விடவில்லை. "ஏட்டி, எங்க ஒன் உருளு? வரும் வரும்னு எங்கள வெறுந்தரையில போட்டியே. நாலு எழுத்து படிச்சிட்டா மலைக்கே நாள் குறிச்சிருவியோ?"

"அடுத்த மழைக்கும் வந்து எழுப்புவேன்க்கா. அப்பவும் ஏசுங்க. ஏசுறதுக்கு நீங்க இருக்கணும்ல."

டீச்சர் சிரித்துக்கொண்டே சொன்னதாக லயத்தில் பேசிக்கொள்கிறார்கள். நான் பக்கத்தில் நின்றேன். அவர் சிரிக்கவில்லை; குடையைச் சாய்த்துச் சரிவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அதன் பிறகும் மழைக்காலம் முழுக்க அவரே போய் அளந்தார். இந்த ஆண்டும் தொடங்கியிருந்தார். இப்போது அவர் இல்லை.

அடக்கம் முடிந்த மறுநாள், வகுப்பில் அவருடைய நாற்காலியில் நான் உட்கார்ந்தேன். வெளியே மழை விடவில்லை. ரம்யா சாக்பீசோடு பலகையருகே நின்றாள்.

"சார், இந்த மழைக்குத் தாங்குமா?"

எதைக் கேட்டாலும் விடை வைத்திருந்து பழகியவன் நான். "தெரியாது" என்றேன்.

யாரும் ஏளனமாகப் பார்க்கவில்லை. "டீச்சர் போனதுல இருந்து அளக்கவே இல்ல சார்" என்றான் ஒருவன். நாடாவை எடுத்துக்கொண்டு சரிவுக்குப் போனோம். நம்ப முடியாமல் இரண்டாம் முறையும் அளந்தேன். மறுபடியும் அதே அளவுதான். விரற்கடைக்கு மேல் கூடியிருந்தது.

வழுக்கி வழுக்கி லயத்துக்கு இறங்கி அக்கா கதவைத் தட்டினேன்.

"ஏலே, அவதான் போய்ச் சேர்ந்துட்டா. இப்ப நீ ஆரம்பிச்சிட்டியா? கொட்டுற மழையில எங்கலே போக? ஒனக்கும் கோட்டி பிடிச்சிட்டா?"

ஏசியபடியே பாயைச் சுருட்டினாள்.

போய் வாருங்கள், டீச்சர். லயத்து ஆட்கள் எல்லோரையும் இறக்கிவிட்டு, இதைப் பள்ளிக்கூட வராந்தாவில் உட்கார்ந்து எழுதுகிறேன். மலை இன்னும் நிற்கிறது. நாளைக்கும் நிற்குமா என்று எனக்குத் தெரியாது. என்னை இதில் இழுத்துவிட்டுப் போனதற்கு உங்கள்மேல் கோபம் அப்படியே இருக்கிறது. பயமும் இருக்கிறது. உள்ளே அக்கா இன்னும் என்னை ஏசிக்கொண்டிருக்கிறாள். கேட்டுக்கொண்டிருக்கிறேன்.