அறிகுறி இல்லை

இதயத்திலிருந்து ரத்தம் வெளியே போகிற பெரிய குழாயின் வாயில் ஒரு வால்வு இருக்கிறது. அது சுருங்கிப்போனால் அதற்கான குறியீடு I35.0. முதலியார்பேட்டையில் ஒரு ஜவுளிக் கடைக்கு மேல்மாடியில் இருக்கும் எங்கள் அலுவலகத்தில் நான் அதை ஒரு நாளைக்கு நாலைந்து முறையாவது தட்டுகிறேன். வெளிநாட்டு மருத்துவமனைகளின் குறிப்புகளைப் படித்து, நோய்க்கு உரிய குறியீட்டைப் போடுவது என் வேலை. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். வைத்திக்குப்பத்தில் எங்கள் தெருவில் என்னைப் பாதி டாக்டர் என்பார்கள். நான் மறுத்ததில்லை.

வேலையில் முதல் விதி, டாக்டர் எழுதியதுதான் உண்டு, எழுதாதது நடக்கவில்லை. சந்தேகம் வந்தால் டாக்டருக்குக் கேள்வி அனுப்பலாம். ஆனால் பதிலைக் கேள்விக்குள் வைத்து அனுப்பக் கூடாது. ‘மூச்சு வாங்கியதா?’ என்று கேட்டால் தப்பு. ‘நடக்கும்போது நோயாளி எப்படி இருந்தார்?’ என்றால் சரி. மாதாமாதம் எங்கள் கேள்விகளைச் சரிபார்த்து மதிப்பெண் போடுவார்கள். இதில் நான் மதிப்பெண் இழந்ததே இல்லை.

போன வருடம் I35.0 என் அம்மாவுக்கு வந்தது.

அம்மா மீன் விற்கிறாள். தலையில் கூடையோடு பெரிய மார்க்கெட்டுக்கு நடந்தே போவாள். கண்ணில் புரை எடுக்கப் போன இடத்தில், நெஞ்சில் சத்தம் கேட்கிறது என்று எக்கோ எடுக்க அனுப்பினார்கள். வால்வு நன்றாகவே சுருங்கியிருந்தது. தொந்தரவு ஏதாவது இருந்தால் உடனே வால்வை மாற்ற வேண்டும், இல்லையென்றால் ஆறு மாதம் பொறுத்துப் பார்க்கலாம் என்று இதய டாக்டர் விளக்கினார். பிறகு அம்மாவிடம் கேட்டார்.

“மூச்சு வாங்குதாம்மா?”

“சேச்சே, இல்ல டாக்டரம்மா.”

“மயக்கம், நெஞ்சு வலி?”

“எனக்கா? ஃபர்ஸ்ட் கிளாஸா இருக்கேன்.”

அறிகுறி இல்லை என்று எழுதினார்.

மீன் விற்கிற எந்தப் பெண்ணும் எதிரில் நிற்பவரிடம் தன் கூடையைக் குறை சொல்ல மாட்டாள். விடியற்காலையில் வந்த மீனை மத்தியானமும் இப்போதுதான் வந்தது என்பாள். முப்பது வருடம் அப்படியே பழகிய வாய். உடம்பைப் பற்றிக் கேட்டாலும் அதே பதில்தான் வந்தது. நான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். மாடிப்படியில் அம்மா நின்று நின்று ஏறுவது எனக்குத் தெரியும். ஆனால் டாக்டர் எழுதிவிட்டார். பழக்க தோஷத்தில் நானும் ஃபைலை மூடிவிட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் முறைப்படி கேட்டேன். “ம்மா, நடக்கும்போது எப்பிடி இருக்கு?”

“ரோடு புதுசா போட்டிருக்கான். நல்லா இருக்கு.”

அடுத்த வாரம் காலை ஷிஃப்டுக்குப் போகும் வழியில் ஸ்கூட்டியிலிருந்து பார்த்தேன். அம்மா கூடையைக் கீழே வைத்துவிட்டு, ஒரு மதிலில் சாய்ந்து, உதடு வெளுத்துப்போய் நின்றாள்.

“என்னம்மா?”

“பஸ்ஸுக்கு நிக்கிறேன்.”

அந்தத் தெருவில் பஸ் போகாது.

மறுநாள் மறுபடியும் டாக்டரிடம் அழைத்துப் போனேன். அதே கேள்விகள், அதே ஃபர்ஸ்ட் கிளாஸ். டாக்டரின் பேனா காகிதத்துக்குப் போனது. அதே இரண்டு வார்த்தையை எழுதிவிட்டால் இன்னும் ஆறு மாதம். ஆறு மாதம் அந்த வால்வு தாங்குமா என்று யாரும் சொல்லவில்லை.

நான் குறுக்கிட்டேன். “ம்மா, காலைல ஆறு மணிக்குக் கெளம்பி மார்க்கெட் போய்ச் சேர்றதுக்குள்ள கூடைய எங்கெங்க எறக்கி வெக்கிற?”

தொழிலைப் பற்றிய கேள்வி என்பதால் அம்மா உடனே பதில் சொன்னாள். “கோயில் முனையில ஒருக்கா. பள்ளிக்கூடத்து மதில்கிட்ட ஒருக்கா. அப்புறம் டீக்கடை பெஞ்சுல. முன்னெல்லாம் ஒரே நடையில போயிடுவேன், இப்ப...”



“இப்ப என்னம்மா?” என்றார் டாக்டர்.

“இப்ப வெயில் ஜாஸ்தி.”

“காலைல ஆறு மணிக்கா?”

அம்மா டாக்டரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள். டாக்டர் கொஞ்ச நேரம் எழுதினார். தலைகீழாகப் படித்தேன். நடந்தால் மூச்சு வாங்குகிறது, வழியில் மூன்று இடத்தில் நிற்கிறார். எங்கள் அலுவலகத்தில் என் கேள்விக்குப் பூஜ்யம் போட்டிருப்பார்கள். இறக்கி வைக்கிறாள் என்று நானே முடிவு செய்துகொண்டு கேட்டது அது.

வெளியே வந்ததும் அம்மா ஆரம்பித்தாள். “நாலு பேர் எதிர்ல என் மீன நாறுதுன்னு சொல்லிட்ட இல்ல?”

“டாக்டர் ஒருத்தங்கதான் இருந்தாங்க.”

“நர்ஸு எங்க போச்சு?”

ஸ்டாண்டில் இருந்த வண்டியை எடுத்தேன். பின்னால் ஏறி உட்கார்ந்த பிறகு, “ஆபரேஷன் பண்ணிக்கிறேன்” என்றாள். “ஆனா தெருவுல கேட்டா பல்லு புடுங்கப் போயிருக்கான்னு சொல்லு.”

“பல்லு புடுங்க பத்து நாளா?”

“எனக்குப் பல்லு ஜாஸ்தி.”

அடுத்த மாதம் வால்வை மாற்றினார்கள். அம்மா கண் விழித்து, ஆஸ்பத்திரிக் கஞ்சியில் உப்பு இல்லை என்று சொன்ன பிறகுதான் நான் குப்பத்துக்குப் போனேன். கேட்டவர்களிடமெல்லாம் பல் என்றேன். எல்லோரும் தலையாட்டினார்கள். மார்க்கெட்டில் அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து விற்கும் அக்கா மட்டும் என்னைச் சுவரோரமாக இழுத்துக்கொண்டு போனாள்.

“பாப்பா, எனக்கும் படி ஏறுனா அந்தப் பல்லுதான் வலிக்குது” என்றாள்.